முந்நூறு கிராம்

அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை, காலை ஏழரை.
பாமதி பையை வெட்டுகிறாள்.
இருபத்தைந்து கிலோ. மூன்று மொழியில் எச்சரிக்கை,
மூன்றிலும் தமிழ் இல்லை.
வெள்ளைத் தூள். மணமே கிடையாது.
"இதுக்கு அரோமற்றிக் எண்டு பேர் வைச்சவனை
ஒருக்கா இஞ்சை கூட்டிக்கொண்டு வரவேணும்."
தராசு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்று நடுங்குகிறது.
இன்னும் ஒரு சிட்டிகை. முந்நூறு.
ஐந்நூறு லீற்றர் நெல்லிரசத்துக்கு அவ்வளவுதான்.
கூடினால் சட்டம் வரும், குறைந்தால் பூஞ்சணம்.

எங்கேயோ ஒரு துறைமுகத்தில் பிறந்த தூள்.
அந்த இடத்தை நான் கண்டதில்லை, பாடமாய்த் தெரியும்:
மசகெண்ணெயின் வயிற்றிலிருந்து தொலுயீன்,
உருக்குக் கோபுரம், நூற்று அறுபத்தைந்து பாகை,
அடியிலிருந்து காற்று,
சைக்கிளுக்கு அடிக்கிற அதே காற்று,
குமிழ் குமிழாய் ஏற,
ஒரு பிடி கோபாற்று உப்பு
தான் தேயாமல் கலியாணம் பேசி முடிக்க,
வளையத்தில் தொங்கிய வால்
ஐதரசனைக் கழற்றி வைத்துவிட்டு
அமிலமாய் எழும்பும்.
வளையம் அசையாது.
ஆறு காபனும் கை கோத்தபடி.

உயர்தரத்தில் என் கொப்பியில்
தொலுயீனிலிருந்து இரண்டு அம்புக்குறி.
வலப்பக்கம் போனால் இது: சோடா, ஊறுகாய், இருமல் பாணி.
கீழே போனால் மூன்று நைத்திரோக் கூட்டம், மஞ்சள் பளிங்கு.
அதை நாங்கள் பாடத்துக்கு முன்பே படித்திருந்தோம்,
யன்னல் கண்ணாடிகள் சொல்லித்தந்தன.
பக்கத்து வாங்கு நிமலரூபன்
எல்லாவற்றையும் என்னைப் பார்த்து எழுதுகிறவன்,
கீழ் அம்புக்குறியை மட்டும் இரண்டு தரம் கீறினான்.
மார்கழியில் வரவில்லை.
இடாப்பில் அவன் பெயரை ரீச்சர்
மாசி வரைக்கும் கூப்பிட்டா.

கலக்கி சுற்றுகிறது. பீஎச் மூன்று. நல்லது.
புளிப்பில்லாத இடத்தில் இந்தத் தூள் தூங்கிவிடும்.
நெல்லிதான் அதைத் தட்டி எழுப்பவேண்டும்;
எழும்பினால் சோடியத்தை உதறிவிட்டு
பூஞ்சணத்தின் தோலுக்குள் பூரும்.

போத்தலும் அமிலம்தான், பாமதிக்குச் சொன்னேன்.
அதே வளையம், இதில் எதிரெதிர் மூலையில் இரண்டு கை.
கைக்குக் கை பிடித்து நீண்டால் பிளாஸ்ரிக்.
"அப்ப அமிலத்துக்குள்ள அமிலத்தை அடைச்சு
ஐந்நூற்றி அறுபது ரூபாய்க்கு விக்கிறம்."
கணக்குச் சரி.

என் பயம் வேறு.
நெல்லியில் உயிர்ச்சத்து சி. வெளியே எங்கள் வெயில்.
இரண்டுக்கும் நடுவே அகப்பட்டால், மிக மெல்ல,
அமிலம் தன் கையைத் தானே முறித்துக்கொள்ளும்.
மிஞ்சுவது வெறும் வளையம். பென்சீன்.
கோடியில் ஒரு பங்குகூட இருக்காது.
என்றாலும்,
இவ்வளவு காற்றூதி, பளிங்காக்கி, கப்பலேற்றி,
சுங்கத்தில் பதினொரு நாள் மறித்துவைத்து
இங்கே கொண்டுவந்த பிறகு
அது வந்த வழியே திரும்புகிறது.

போன சித்திரையில் நெல்லியடிக் கடையொன்று
நாற்பது பெட்டியை வாசலில் அடுக்கியிருந்தது.
பார்க்க வடிவு.
முழுவதையும் திருப்பி எடுத்தேன்.
முதலாளி இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

லொறி வந்துவிட்டது.
கிறிசாந்தன் கையெழுத்துக்கு நிற்கிறான்.
"அக்கா, கொடிகாமத்தில சந்தை கலைஞ்சிடும்."
தறப்பாள் எங்கே?
"வெயில் இன்னும் ஏறேல்லை."
தறப்பாள் எங்கே.
இழுத்துக் கட்டுகிறான். ஒரு மூலைக்குக் காணாது.
அந்த மூலையில் எட்டுப் போத்தல்
பச்சையும் பொன்னுமாய்
வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு நின்றன.

வெள்ளை மேலங்கியைக் கழற்றிப்
போர்த்துவிட்டேன்.
பையில் பேனை இருக்கு,
திங்கட்கிழமை மறக்காமல் கொண்டு வா.